அம்பிரெல்லாவா, அனார்கலியா? உடுப்புப் பேருகள் பற்றி உங்கட கேள்விகள்

இந்த முறை திருகோணமலைப் பக்கத்தில இருந்து வந்த மெசேஜுகள்ல முக்கால்வாசி ஒரே விசயந்தான். கடையிலயும் ஓன்லைன்லயும் சொல்ற பேருகள் விளங்குதில்லை, ரெய்லரிட்டப் பேரைச் சொல்லிக் குடுத்தா அவ வேறொண்டைத் தச்சுத் தாறா, பிறகு துணியும் போய் காசும் போய் மனமும் நொந்து போகுது எண்டு. அதால இந்த மாசம் முழுக்க அதுக்கே ஒதுக்கியாச்சு.

கேள்வி: அக்கா, மகளுக்கு கலியாண வீட்டுக்குப் போட நீளச் சட்டை ஒண்டு தைக்க வேணும். ஒராள் ஏ-லைன் எண்டுறா, ஒராள் அம்பிரெல்லா எண்டுறா, கடைக்காரப் பிள்ளை அனார்கலி எண்டுது. மூண்டும் விரிஞ்சுதானே கிடக்கு? எத்தினை மீற்றர் எடுக்கிறது எண்டும் தெரியேல்லை.
– வாசகி, உப்புவெளி

பதில்: மூண்டும் கீழ விரியும் தங்கச்சி, ஆனா விரிவு எங்க இருந்து துவங்குது, தையல் எங்க விழுது எண்டதில தான் வித்தியாசம் கிடக்கு. அதைப் பிடிச்சிட்டீங்கள் எண்டா எந்தக் கடையிலயும் உங்களை ஏமாத்த ஏலாது.

ஏ-லைன் எண்டா இடுப்பில தையலே இல்லை, நெஞ்சுக்குக் கீழ இருந்து ரெண்டு பக்கமும் நேர் கோடா சரிஞ்சு விரிஞ்சு கொண்டு போகும். அந்தப் பேரைப் பிரபலமாக்கினவர் பிரான்ஸ்ல கிறிஸ்டியன் டியோர், 1955ஆம் ஆண்டு. முழங்கால் அளவு குர்த்தி எண்டா 44 இஞ்சி அகலத் துணியில ரெண்டரை மீற்றர் கையோட சேர்த்துக் காணும்.

அனார்கலி எண்டா மேல உடம்புத் துண்டு தனி, அதில கீழ நீள நீளமா பனல்கள் பொருத்துவினம். ஒவ்வொரு பனலும் மேல ஒடுங்கி கீழ அகண்டிருக்கும், அதை இந்தியாவில கலி எண்டு சொல்லுவினம், கலி கூடக் கூட விரிவும் கூடும். அம்பிரெல்லா எண்டா அப்பிடிப் பனல் இல்லை, துணியை வட்டமா வெட்டி நடுவில இடுப்புக்கு ஓட்டை விடுறது.

ஃபோட்டோவைப் பார்த்து இது எது எண்டு கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றன். இடுப்புத் தையலை மட்டும் பெருசாக்கிப் பாருங்கோ. இடுப்பிலயே சின்னச் சின்ன சுருக்கு நிக்குது எண்டா அது வெறும் கதர் (இங்கிலிஷ்ல gather, கதர்த் துணி இல்லை), அதாவது நேர்த் துணியைச் சுருக்கிப் பிடிச்சது. இடுப்பில ஒட்டி மழமழ எண்டு கிடந்து, கீழ போகப் போகத்தான் மடிப்பு விழுது எண்டா அம்பிரெல்லா. மேல இருந்து கீழ வரைக்கும் நெட்டுக்கு தையல் கோடு ஓடுது எண்டா பனல் போட்டது. கதர் இடுப்பைக் கொஞ்சம் பெருசாக் காட்டும், மெலிஞ்ச பிள்ளைக்கு அது வடிவு, மற்ற ரெண்டும் எல்லாருக்கும் பொருந்தும்.

இப்ப துணிக் கணக்கு. மகளுக்கு இடுப்பு 28 இஞ்சி, இடுப்பில இருந்து நீளம் 38 இஞ்சி எண்டு வைப்பம். முழு வட்டம் வெட்ட 28ஐ 6.28ஆல பிரிக்க வேணும், நாலரை இஞ்சி கிட்ட வரும், அதுதான் நடு ஓட்டையின்ட ஆரை. அதோட 38ஐக் கூட்டினா நாப்பத்திரெண்டரை. 44 இஞ்சி அகலத் துணியில அது மட்டுமட்டா அடங்கும், ரெண்டு அரை வட்டமா வெட்டினா பாவாடைக்கு மட்டும் நாலரை மீற்றர் வேணும், மேல் உடம்பு, கை, லைனிங் எல்லாம் வேற. கீழ் விளிம்பு சுத்தி அளந்தா கிட்டத்தட்ட 6.8 மீற்றர் வரும், அவ்வளவு தூரத்துக்கு லேஸ் பிடிக்கப் போறீங்களோ எண்டும் யோசிச்சுக் கொள்ளுங்கோ. 36 இஞ்சி அகலத் துணி எண்டா இந்த நீளத்துக்கு ஒட்டுப் போடாமல் வராது, அதால கடையில முதல் கேக்க வேண்டியது விலையை இல்லை, அகலத்தை.

இன்னொண்டு, இதைப் பெரும்பாலும் ஒருத்தரும் சொல்லுறேல்லை. வட்டமா வெட்டின துணி சில இடத்தில நேரா விழும், சில இடத்தில குறுக்கா விழும், குறுக்கா விழுற பக்கம் பாரத்தில நீண்டு போகும். ஜோர்ஜெட் எண்டா இன்னும் மோசம். அதால தச்சு முடிச்ச உடன கீழ மடிச்சு அடிக்க விடாதேங்கோ, ஒரு ராத்திரி எண்டாலும் ஹாங்கர்ல தொங்க விட்டு, பிறகு பிள்ளையைப் போடச் சொல்லி நிலத்தில இருந்து அளந்து, சமனா வெட்டி அடிக்கச் சொல்லுங்கோ. அவசரத்தில அடிச்ச சட்டை தான் கலியாண வீட்டில ஒரு பக்கம் தாண்டு நிக்கிறது. கட்டம் போட்ட துணி, கோடு போட்ட துணி அம்பிரெல்லாவுக்கு வேண்டாம், கோடு ஒரு இடத்தில நேரும் ஒரு இடத்தில சரிவுமா ஓடும், கண்ணுக்குக் குத்தும்.

கேள்வி: கூறைச்சீலைக்கு பிளவுஸ் தைக்கக் குடுக்கப் போறன். பிரின்ஸஸ் கட்டா, நாலு டாட்டா, கட்டோரியா எண்டு ரெய்லர் கேக்கிறா. எனக்கு நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் பெருசு, எப்பவும் கக்கத்துக்குக் கிட்ட சுருங்கிப் போய் நிக்கும். போட் நெக்கும் ஆசை.
– வாசகி, தம்பலகாமம்

பதில்: முதல்ல கக்கத்துச் சுருக்கத்துக்கு வாறன், ஏனெண்டா அதுக்குப் பதில் கிடைச்சா கட் தன்ட பாட்டில தெரிஞ்சிடும். கண்ணாடிக்கு முன்னால நிண்டு பாருங்கோ, மடிப்பு கக்கத்தில இருந்து நெஞ்சுப் பக்கம் சாய்ஞ்சு ஓடுதோ? அப்பிடி எண்டா நெஞ்சுக்குத் துணி காணேல்லை, அது அங்க இருந்து இழுக்குது. கை வட்டம் சின்னன் எண்டா சுருக்கம் கையைச் சுத்தி வரும், கையைத் தூக்கினா பிளவுஸே மேல ஏறும். ரெண்டும் ரெண்டு வருத்தம், ரெய்லரிட்ட "இறுக்கமா இருக்கு" எண்டு மட்டும் சொன்னா அவ பக்கத் தையலைத் தளர்த்தி விடுவா, ஒண்டுக்கும் சுகம் வராது.

நாலு டாட் எண்டா தட்டையான துணியில நாலு இடத்தில கூராப் பிடிச்சு நெஞ்சுக்கு இடம் எடுக்கிறது. சாதாரண உடம்புக்கு, கொட்டன் பிளவுஸுக்கு அது காணும், கெதியாத் தச்சும் முடியும். பிரின்ஸஸ் கட் எண்டா கை வட்டத்தில இருந்தோ தோளில இருந்தோ ஒரு தையல் வளைஞ்சு, நெஞ்சின்ட நடுவுக்கு மேலால போய் இடுப்பு வரைக்கும் இறங்கும், டாட் முழுக்க அந்தத் தையலுக்குள்ள மறைஞ்சிடும். கட்டோரி எண்டா கிண்ணம் மாதிரித் தனித் துண்டு வெட்டிப் பொருத்திறது, நல்லா எடுப்பாக் காட்டும், ஆனா தையல் கோடு முன்னால தெளிவாத் தெரியும்.

உங்களுக்கு நான் சொல்றது பிரின்ஸஸ் கட், முழு லைனிங்கோட. பட்டு மொத்தமான துணி, அதில டாட் பிடிச்சா முனையில குமிழ் மாதிரி நிக்கும், எவ்வளவு அயர்ன் பண்ணினாலும் அமராது. பிரின்ஸஸ்ல அந்தக் கூர் முனையே இல்லை. பிறகு உடம்பு கொஞ்சம் மாறினாலும் அந்த நீளத் தையலிலயும் பக்கத் தையலிலயும் விடலாம், அதுக்காக உள்ளுக்க ஒண்டரை இஞ்சி துணி விடச் சொல்லிக் கேளுங்கோ, கேக்காட்டி வெட்டி எறிஞ்சிடுவினம். சீலையோட வாற பிளவுஸ் துண்டு கூடுதலா 80 சென்ரிமீற்றர் தான், நீளக் கையும் போர்டரும் வேணும் எண்டா காணுமோ எண்டு வெட்ட முன்னமே பார்த்துக் கொள்ளுங்கோ.

போட் நெக் நல்ல வடிவா இருக்கும் உங்களுக்கு. தோளில இருந்து தோளுக்கு ஓடுற கழுத்து, முன்னால கிட்டத்தட்ட மூடித்தான் இருக்கும், அதால கொழுக்கி பின்னுக்குப் போக வேணும். பின்னால ஆழமாவும் இறக்கி தோளிலயும் அகட்டினா ரெண்டு தோளும் வழுக்கும், நாள் முழுக்க இழுத்து இழுத்து விடுறதே வேலையாப் போயிடும். ஆழம் வேணும் எண்டா மேல நாடா ஒண்டு வச்சுக் கட்டுங்கோ. தாலி கட்டேக்க பின்னால நிக்கிறவைக்கு நாடா தடக்குப்படாமல் கொஞ்சம் கீழ வச்சா நல்லம்.

கேள்வி: அபாயா ஓடர் பண்ண பார்க்கன். ஃபராஷா, ஓப்பன், அம்பிரெல்லா என்டு போட்டிருக்காங்க. நான் தினமும் ஸ்கூட்டில பாலத்தால டவுனுக்கு வேலைக்கு வாற ஆள், எது சரி வரும்?
– வாசகி, கிண்ணியா

பதில்: ஃபராஷா தான் பட்டர்ஃபிளை எண்டும் சொல்றது. அதில கை தனியா வெட்டிப் பொருத்திறேல்லை, தோளில இருந்து துணி அப்பிடியே அகண்டு விழும், பக்கத்தில ஒரு தையல் ஓடி உடம்பையும் கையையும் பிரிக்கும். பெருநாளுக்கு, விருந்துக்கு நல்ல கம்பீரமா இருக்கும், ஆனா ஸ்கூட்டிக்கு வேண்டவே வேண்டாம். கிண்ணியாப் பாலத்தில அடிக்கிற காத்து உங்களுக்குத் தெரியும்தானே, கைப் பக்கம் முழுக்கக் காத்துப் பிடிச்சு ஹாண்டிலை மறைச்சிடும். ஓப்பன் எண்டது முன்பக்கம் மேல இருந்து கீழ வரைக்கும் திறந்தது, உள்ளுக்கு இன்னொரு உடுப்பு வேணும், அதுவும் பறக்கும்.

உங்களுக்கு ஏ-லைன்ல மூடின அபாயா, கை மணிக்கட்டில இலாஸ்டிக் இல்லாட்டி பிரஸ் பட்டன் வச்சது. ஓப்பன் தான் விருப்பம் எண்டா உள்பக்கம் கீழ வரைக்கும் பிரஸ் பட்டன் அடிக்கச் சொல்லுங்க. துணி நிடா எண்டா பாரமில்லாமலும் கசங்காமலும் இருக்கும். அம்பிரெல்லா விளிம்பு பின் சில்லுக்குள்ள போறது விளையாட்டு விசயமில்லை, ஷோலும் அப்பிடித்தான், ஏற முன்னம் ரெண்டையும் அடக்கி வச்சிட்டு ஏறுங்க. இதை அபாயாப் போடுறவைக்கு மட்டும் சொல்லேல்லை, பஞ்சாபி போட்டு ஷோலைப் பின்னால பறக்க விட்டுக் கொண்டு உட்துறைமுக வீதியால போற பிள்ளையளும் கேளுங்கோ.

கேள்வி: ஓன்லைன்ல "எம்பயர் வெயிஸ்ட், ரக்லன் ஸ்லீவ், மிடி" எண்டு கிடந்த சட்டை ஒண்டு எடுத்தன். எம் சைஸ் தான் எனக்கு எப்பவும், ஆனா நெஞ்சில பிடிக்குது.
– வாசகி, நிலாவெளி

பதில்: மூண்டு சொல்லும் மூண்டு வேற இடத்தைச் சொல்லுது. எம்பயர் எண்டா இடுப்புத் தையல் நெஞ்சுக்கு நேர கீழயே வாறது, வயித்துப் பக்கம் தளர்வா விழும், பிள்ளைத்தாச்சிமாருக்கு நல்ல சுகம். ரக்லன் எண்டா கைத் தையல் தோளில இல்லாமல் கழுத்தில இருந்து கக்கத்துக்குச் சரிஞ்சு வரும், 1815இல வாட்டர்லூச் சண்டையில கை இழந்த ரக்லன் பிரபுவின்ட பேர் அது, தோள் அளவு சரிவராத ஆக்களுக்கு நிம்மதி. மிடி எண்டா கெண்டைக்கால் நடுவில முடியிற நீளம்.

பிடிக்கிறதுக்குக் காரணம் எம் எண்ட எழுத்து. ஒவ்வொரு கடைக்கும் அது ஒவ்வொரு அளவு. சைஸ் சார்ட்டில இருக்கிறது உடம்பு அளவோ, உடுப்பு அளவோ எண்டு பாருங்கோ. உடுப்பு அளவு எண்டு போட்டிருந்தா, இழுபடாத துணிக்கு உங்கட நெஞ்சளவை விட ரெண்டில இருந்து நாலு இஞ்சி கூட இருக்க வேணும். எம்பயர்ல இது இன்னும் முக்கியம், தையல் நெஞ்சுக்குக் கீழ சரியா இருக்காட்டி நெஞ்சுக்கு மேலயே ஏறி நிண்டிடும். வீட்டில உங்களுக்கு நல்லா இருக்கிற சட்டை ஒண்டை மேசையில விரிச்சு, கக்கத்துக்குக் கக்கம் அளந்து ரெண்டால பெருக்கி எழுதி வையுங்கோ, இனி அதோட ஒப்பிட்டு எடுங்கோ.

கேள்வி: ஷராரா, கராரா, பலாசோ – சுருக்கமாச் சொல்லுங்கோ அக்கா.
– வாசகி, மூதூர்

பதில்: பலாசோ இடுப்பில இருந்தே நேரா அகலம். ஷராரா மேல ஓரளவு அளவா இருந்து கீழ பெரிய விரிவு. கராராவுக்கு முழங்கால்ல ஒரு ஒட்டுத் தையல் இருக்கும், அதுக்குக் கீழ சுருக்குப் பிடிச்சு விரியும். முழங்கால்ல தையலும் லேஸும் கண்டா கராரா.

கேள்வி: கச்சான் காத்து, அந்த வெக்கைக் காத்து, துவங்கினா ஒரு உடுப்பும் போட ஏலாமக் கிடக்கு. ரேயன் குர்த்தி நல்லமோ? சைட் ஓப்பன் எவ்வளவு வைக்கலாம்?
– வாசகி, திருகோணமலை நகர்

பதில்: ரேயன் மரக்கூழில இருந்து செய்யிற நூல், வேர்வையை உறிஞ்சும், உடம்பில குளிர்மையா விழும், அதால எங்கட ஊர் வெயிலுக்கு நல்லது. ஆனா நனைஞ்சா பலம் குறையும், அடிச்சுத் துவைக்கவோ முறுக்கிப் பிழியவோ கூடாது, முதல் தண்ணியில சுருங்கவும் செய்யும். அதால தைக்க முன்னம் துணியை ஒருக்கா தண்ணியில போட்டு நிழலில காயவச்சுக் குடுங்கோ, கொட்டனுக்கும் இதேதான். பொலியெஸ்டர் ஜோர்ஜெட் பார்க்க மெல்லிசு, வேர்வையை உறிஞ்சாது, மத்தியானம் ஒட்டிப் பிடிக்கும்.

சைட் ஓப்பன் இடுப்பு எலும்புக்கு ஒரு நாலு விரல் கீழ துவங்கட்டும். கோணேசர் கோயில் மேட்டில ஏறேக்க காத்து பக்கத்தாலதான் அடிக்கும், ஓப்பன் இடுப்பு வரைக்கும் கிடந்தா ஒரு கையால அர்ச்சனைத் தட்டு, மற்றக் கையால குர்த்தியைப் பிடிச்சுக் கொண்டு நிக்க வேண்டியதுதான். ஓப்பன் துவங்கிற இடத்தில உள்ளுக்கு ஒரு சின்னத் துணித் துண்டு வச்சு அடிக்கச் சொல்லுங்கோ, அங்கதான் முதல் கிழியிறது.

கேள்வி: புதுச் சீலைக்கு ஃபோல் அடிச்சன், ஒருக்கா தோய்ச்ச உடன விளிம்பு முழுக்கச் சுருண்டு போச்சு. சீலை பழுதோ?
– வாசகி, சல்லி

பதில்: சீலையில பிழை இல்லை, ஃபோல் (சீலையின்ட கீழ் விளிம்பில உள்ளுக்கு வச்சு அடிக்கிற நீளத் துணி) கொட்டன் எண்டபடியா தண்ணி பட்டுச் சுருங்கி சீலையையும் இழுத்திருக்கு. தையலை மெல்லமாப் பிரிச்சு எடுங்கோ, சீலையை மெதுவான சூட்டில அயர்ன் பண்ணுங்கோ. புது ஃபோலை ஒரு மணித்தியாலம் சுடுதண்ணியில ஊறப்போட்டு, காயவச்சு, அயர்ன் பண்ணி, பிறகு கையால தளர்வா நூலோடி அடியுங்கோ. மெஷின்ல அடிக்க வேண்டாம், மேல் பக்கம் தையல் தெரியும், திரும்பப் பிரிக்கேக்க பட்டு நூலும் சேர்ந்து வரும்.