அதிக வெயில் எந்த ஊருக்கு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இந்திய நகரங்களில் அதிக வெயில் அடிப்பது சென்னையில்தானே? (தாம்பரம் வாசகர்)

மே மாத மதியத்தில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற யாரும் அப்படித்தான் சொல்வார்கள். நம் மொழியில் 'வெயில்' என்ற ஒரே சொல் ஒளியையும் குறிக்கிறது, சூட்டையும் குறிக்கிறது. வானிலைக்காரர்கள் 'சூரிய ஒளி நேரம்' என்று கணக்கெடுப்பது ஒளியை மட்டும்: மேகம் மறைக்காமல் சூரியன் எத்தனை மணி நேரம் பிரகாசித்தது என்பதே கேள்வி.

அந்தக் கணக்கில் முன்னால் நிற்பது மேற்கு ராஜஸ்தான். ஜோத்பூர், ஜெய்சல்மேர் பக்கம் ஆண்டுக்கு 3,000 மணி நேரத்தைத் தாண்டும். உலகில் எந்த ஊரை எடுத்தாலும் ஆண்டு முழுவதும் சேர்த்துப் பகல் ஏறக்குறைய 4,400 மணி நேரம்தான். அதில் எவ்வளவை மேகம் தின்கிறது என்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு. சென்னை ராஜஸ்தானைவிடச் சில நூறு மணி நேரம் பின்தங்கியிருக்கிறது.

சென்னைக்காரர்களுக்கே வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும் ஒளி, ஜூலையில் ஆறு மணி நேரத்தை ஒட்டி இறங்கிவிடும். அப்போது பெரிய மழை இல்லை. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மேகங்கள் வானத்தில் அலைந்துகொண்டே இருக்கும். புழுக்கமும் போகாது, சூரியனும் சரியாகத் தெரியாது.

கேள்வி: பிள்ளைகளுக்கு மும்பையில் வேலை. அங்கே மழைக்காலத்தில் துணியே காய்வதில்லை என்கிறார்கள். மிகைப்படுத்துகிறார்களா?

துளியும் இல்லை. ஜூலையிலும் ஆகஸ்டிலும் மும்பைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக இரண்டரை மணி நேர வெயில் கிடைத்தால் பெரிது. ஜனவரியிலோ எட்டு மணி நேரத்துக்கு மேல். ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்தால் மும்பை ஒளி மிகுந்த ஊராகவே தெரியும். அதனால்தான் ஊர்களை ஒப்பிடும்போது மாத வாரியாகப் பாருங்கள் என்று சலிக்காமல் சொல்லிவருகிறேன்.

கேள்வி: கோடையில் டெல்லியில் பகல் நீளம். அப்படியானால் அங்கே நம்மைவிட ஒளி அதிகம் கிடைக்க வேண்டுமே?

நல்ல கேள்வி. ஜூன் மூன்றாம் வாரத்தில் டெல்லியின் பகல் கிட்டத்தட்ட 14 மணி நேரம். சென்னையில் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. டிசம்பரில் நிலைமை தலைகீழ். டெல்லிக்கு ஏறத்தாழ 10 மணி 20 நிமிடம், நமக்கு 11 மணி 20 நிமிடம். கோடையில் வாங்கியதைக் குளிர்காலத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது டெல்லி.

வட்டியும் உண்டு. கோடையில் ராஜஸ்தான் பக்கமிருந்து வரும் புழுதி, டிசம்பர், ஜனவரியில் மூடுபனி, அதோடு கலந்த புகை. வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லாத நாளிலும் சூரியன் வெளிறிய தட்டுப்போலத் தொங்கும். நிழல் விழாத அந்த ஒளி கணக்கில் சேராது. இந்தியாவின் பெரும்பகுதியில் பல பத்தாண்டுகளாகச் சூரிய ஒளி நேரம் குறைந்துவருவதற்கு மேகத்தோடு காற்று மாசும் முக்கியக் காரணம்.

கேள்வி: எங்கள் ஊரில் ஏழு மணி நேர வெயில் என்று படித்தேன். ஒரு கிலோவாட் சோலார் போட்டால் தினம் ஏழு யூனிட் வருமா? (திருநெல்வேலி வாசகர்)

வராது. யாராவது அப்படிச் சொல்லி விற்க வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். காலை ஏழரை மணி வெயிலும் நண்பகல் வெயிலும் நேரக் கணக்கில் ஒன்றுதான், சோலார் பலகைக்கு ஒன்றல்ல. ஒரு கிலோவாட்டுக்குச் சராசரியாக நான்கு யூனிட் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

சூடும் பலகைக்கு எதிரிதான். சிலிக்கான் பலகையின் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால், ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.4 சதவீதம் குறையும். மொட்டைமாடியில் பலகை 60 டிகிரி வரை காய்வது சாதாரணம். இந்த வகையில் லடாக்கின் லே நகரம் கொடுத்துவைத்தது. 3,500 மீட்டர் உயரம், மெல்லிய காற்று, மழை மிகக் குறைவு, வெயில் கூர்மை, பலகையோ குளிர்ச்சி.

கேள்வி: ஷில்லாங் போக நல்ல மாதம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஜூன், ஜூலையில் போனால் மப்பும் மந்தாரமும்தான். அதற்காகவே போகிறவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி.

கேள்வி: இதையெல்லாம் எதை வைத்து அளக்கிறார்கள்?

ஒரு கண்ணாடிக் குண்டை வைத்து! 1853-ல் கேம்பெல் உருவாக்கி, 1879-ல் ஸ்டோக்ஸ் திருத்திய கருவி. குண்டு சூரிய ஒளியைக் குவித்து, பின்னால் உள்ள அட்டையைப் பொசுக்கும். சூரியன் நகர நகரக் கரிக்கோடும் நகரும். மேகம் வந்தால் கோடு அறுந்துவிடும். மாலையில் கோட்டின் நீளத்தை அளந்தால் நேரம் தெரிந்துவிடும். இப்போது மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. அவற்றுக்குச் சதுர மீட்டருக்கு 120 வாட் நேரடி ஒளி என்பது எல்லைக்கோடு; அதற்குக் கீழே போனால் அந்த நேரம் கணக்கில் சேராது.

குண்டிலும் குறை உண்டு. மேகம் விட்டுவிட்டு வரும் நாளில் அட்டை சற்று அதிகமாகவே பொசுங்கி, நேரத்தைக் கூட்டிக் காட்டும். குளிர்கால விடியலில் பனித்துளி படிந்து குறைத்தும் காட்டும். அதனால் நான் வானிலைப் பணியில் சேர்ந்தபோது கற்ற முதல் வேலை, சூரியன் எழும் முன் ஒரு துணியோடு போய் அந்தக் குண்டைத் துடைப்பது.