ஆறு கம்பி வேண்டாம், ஒரு டிரம்மர் போதும்

கேள்வி: என் மகனுக்கு வயது 19. பேஸ் கிட்டார் வாசிக்கிறான். நண்பர்களோடு சேர்ந்து ஒரு பேண்டு வைத்திருக்கிறான். உலகத்திலேயே பெரிய பேஸ் கலைஞர் யார் என்று கேட்டால், யூடியூப்பில் கட்டைவிரலால் மின்னல் வேகத்தில் அடிப்பவர்களைக் காட்டுகிறான். எனக்கோ, முன்னால் நின்று லீட் வாசிக்க வராதவர்களுக்குக் கொடுக்கிற வாத்தியம் அது என்றுதான் தோன்றுகிறது. ஜாஸ், ராக், சினிமாப் பாட்டு எதுவாக இருந்தாலும், பெரிய பேஸ் கலைஞர் என்று யாரைச் சொல்வது, எதை வைத்துச் சொல்வது? இப்போது ஆறு கம்பி பேஸ் வேண்டுமாம், மூவாயிரம் ரிங்கிட் கேட்கிறான். வாங்கித் தரலாமா?
– ஒரு வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: முதலில் உங்கள் கருத்துக்கு வருகிறேன், மகனுடையது அப்புறம்.

லீட் வாசிக்க வராதவனுக்கு ஒதுக்கிய இடம் பேஸ் என்ற பேச்சு ரொம்பப் பழையது. வீட்டிலேயே அதைச் சோதித்துப் பார்க்கலாம். மகனின் பேண்டில் கிட்டார் வாசிக்கும் பையனைக் கூப்பிட்டு சி மேஜர் கோர்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) விடாமல் வாசிக்கச் சொல்லுங்கள். அவன் விரல் அசையவே கூடாது. உங்கள் மகன் கீழே பேஸில் சி சுரம் வாசிக்கட்டும். பாட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி நிம்மதியாக இருக்கும். அடுத்து அவன் ஏ-வுக்கு இறங்கட்டும். கிட்டார்காரன் எதையுமே மாற்றவில்லை, ஆனால் காதில் விழுவது இப்போது ஏ மைனர் செவன்த் என்ற வேறொரு கோர்டு. பாட்டின் முகமே வாடிப்போகும். எஃப் வாசித்தால் இன்னொரு நிறம். மேலே இருப்பவர்கள் என்ன வாசிக்கிறார்கள் என்று கேட்பவருக்குச் சொல்வது கீழே இருப்பவன்தான். இவ்வளவு அதிகாரம் உள்ள இடத்தை மிச்சம் மீதி என்று தயவுசெய்து மகன் காதுபடச் சொல்லாதீர்கள்.

இன்னொரு அதிகாரமும் அவனிடம் இருக்கிறது. ஒரு சுரம் எப்போது தொடங்க வேண்டும் என்பதோடு, எப்போது நிற்க வேண்டும் என்பதையும் அவன்தான் முடிவு செய்கிறான். வாசிக்கத் தெரிந்த ஒரு பேஸ்காரரின் கையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வலது கை சுண்டிய கம்பியை இடது கை அரைக்கணத்தில் தளர்த்தி அமுக்கிவிடும். அடுத்த கம்பிகள் தானாக அதிராமல் மற்ற விரல்கள் அவற்றின் மேல் படுத்துக் கிடக்கும். அந்தச் சின்ன அமுக்கலில்தான் டிரம்ஸின் ஸ்னேர் (சுள்ளென்று ஒலிக்கும் சின்ன டிரம்) அடிக்கு வாசல் திறக்கிறது. சுரத்தை நீட்டி ஸ்னேர் மேல் வழியவிட்டால் ஆட்டம் கனத்துப்போகும், வெட்டினால் கால் தானாகத் துள்ளும். சுரங்கள் அதேதான், மாறியது நீளம் மட்டும்.

ஆகவே என் அளவுகோல் இதுதான்: அவர் வாசிக்கும்போது கூட இருப்பவர்கள் எல்லோரும் தங்கள் வழக்கமான தரத்துக்கு மேலே கேட்க வேண்டும். பாடகர், டிரம்மர், கிட்டார் எல்லோரும். ஜாஸ், ராக், ரெகே, சினிமா என்று இசை மாறினாலும் நான் இதையே வைத்துப் பார்க்கிறேன். பிரபலமோ வேகமோ இதற்குள் தானாக வந்துவிடாது.

இந்த அளவுகோலில் ஒருவர் பெயரைச் சொல் என்றால் தயங்காமல் ஜேம்ஸ் ஜேமர்சன் என்பேன் (1936–1983). டெட்ராய்டில் ஒரு வீட்டில் இயங்கிய மோடவுன் என்ற இசைத்தட்டு கம்பெனியின் ஸ்டுடியோவில் அறுபதுகளின் பாட்டுகளுக்கு நாள்தோறும் வாசித்தவர். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால்தான் கம்பிகளைச் சுண்டுவார். நான்கு கம்பிகளுள்ள ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். கம்பிகளைப் புதுசாக மாற்றவே பிடிக்காது, பழசாகி மந்தமான சத்தம்தான் அவருக்கு வேண்டும். அதிர்வு நீளாமல் இருக்க பிரிட்ஜுக்கு (கம்பிகளைத் தாங்கும் அடிப்பகுதி) அருகே ஒரு துண்டு ஃபோம். இவ்வளவுதான் கருவி. ஆனால் அந்த ஒற்றை விரல், பாடகரின் மெட்டுக்கு அடியில் இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டே போகும். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் எட்டிப் பார்க்கும், அவர் பாடத் தொடங்கியதும் விலகிவிடும். எழுபதுகள் பிறக்கும்வரை அந்த கம்பெனி இசைத்தட்டுகளில் வாத்தியக்காரர் பெயரை அச்சிடும் வழக்கம் இல்லை. உலகமே அவர் பேஸுக்கு ஆடியது, பெயர் தெரியாது. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தது 2000-ல், இறந்து 17 வருடம் கழித்து. இந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

இனி மகன் விஷயம். அவனுக்கு அவன் வயதுக்காரர் ஒருவரைக் காட்டுங்கள். பூட்ஸி காலின்ஸ் 1970-ல் ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் சேர்ந்தபோது வயது 18. கை துறுதுறுவென்று சுரங்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும். பிரவுன் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு தாளச் சுற்றிலும் முதல் தட்டை, அதாவது முதல் அடியை, அழுத்திக் கொடு, மற்ற இடத்தில் உன் இஷ்டம். காலின்ஸே இதைப் பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஃபங்க் இசையின் முதுகெலும்பே அந்த முதல் தட்டு. அதை விட்டுவிட்டால் மேலே எத்தனை வித்தை காட்டினாலும் ஆட வந்தவன் உட்கார்ந்துவிடுவான்.

அதே மகனை அடுத்த நாள் ஜமைக்காவின் ரெகே இசையைக் கேட்க வையுங்கள். பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் பேஸ் ஆஸ்டன் பேரட், டிரம்ஸ் அவர் தம்பி கார்ல்டன். ஒன் டிராப் என்று அவர்கள் சொல்லும் தாளத்தில் முதல் தட்டு காலி. டிரம்ஸின் கனமான அடி மூன்றாவது தட்டில்தான் விழும். பேரட்டின் பேஸ் பல பாட்டுகளில் அந்த முதல் தட்டைச் சும்மா விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி உள்ளே வரும். கேட்பவர் உடம்பு அந்தக் காலி இடத்தில் தானாகச் சாயும். ஃபங்கில் உயிராக இருந்த தட்டு ரெகேயில் வெறும் மௌனம்! காலின்ஸ் வாசிப்பை அப்படியே கொண்டுபோய் மார்லி பாட்டில் வைத்தால் பாட்டு செத்துவிடும், பேரட்டை பிரவுன் குழுவில் உட்கார்த்தினாலும் அப்படித்தான். எல்லா இசையிலும் வாசிக்கத் தெரிந்தவன் என்று நான் சொல்வது, எந்த இசையில் எந்த இடம் காலியாக இருக்க வேண்டும் என்று தெரிந்தவனை. பத்து ஸ்டைலின் வித்தைகளை மனப்பாடம் செய்து வைத்திருப்பவனை அப்படிச் சொல்ல மாட்டேன்.

கட்டைவிரல் அடி, அதாவது ஸ்லாப், எங்கிருந்து வந்தது என்று உங்கள் மகனுக்குத் தெரியுமா? லாரி கிரஹாம் என்ற இளைஞர் தன் அம்மாவோடு சேர்ந்து கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்தார். அம்மா பியானோ. ஒரு கட்டத்தில் டிரம்மர் இல்லாமல் போயிற்று. பேஸ் டிரம் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) சத்தத்துக்குக் கட்டைவிரலால் கம்பியை அடித்தார், ஸ்னேர் சத்தத்துக்கு விரலால் கம்பியை இழுத்து விட்டார். குழுவில் ஒரு ஆள் குறைந்த இடத்தை நிரப்பத்தான் அது பிறந்தது. பிறகு ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவில் அதே அடியை உலகம் கேட்டது.

யூடியூப்பில் இந்த அடிதான் பெரிசாகத் தெரிகிறது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு, அதைக் கவனியுங்கள். பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த சத்தத்தை எழுப்பவே முடியாது. அதில் தெளிவாகக் கேட்பது கட்டைவிரலின் ‘டக் டக்’ என்ற மேல் சத்தமும், மேல் ஃப்ரெட்டுகளில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) ஓடும் வேகமும்தான். ஜேமர்சனின் நீண்டு உருளும் சுரம் அந்த ஸ்பீக்கரில் பாதி காணாமல் போய்விடும். மகன் தேர்ந்தெடுத்திருக்கும் கலைஞர்களில் பாதிப் பேரை அவன் காது தேர்ந்தெடுக்கவில்லை, கைப்பேசி தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறது.

வேகம் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. ஜாகோ பாஸ்டோரியஸ் மாதிரி வேகமாக வாசித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஃப்ரெட்டுகளைப் பிடுங்கிவிட்டு வாசித்தார். ஃப்ரெட் இல்லாவிட்டால் வயலின் போல, விரல் ஒரு மயிரிழை தள்ளினாலும் சுருதி போய்விடும். 1976-ல் அவருடைய முதல் தனி ஆல்பம் வந்தது, அதே ஆண்டு வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவிலும் சேர்ந்தார். அந்த வேகத்திலும் பேஸ் பாடியது, அதனால்தான் இன்றும் பேசுகிறோம். விரலா பிக்கா (கம்பியைச் சுண்டும் சின்னத் தகடு) என்ற சண்டையும் வேண்டாம். கேரல் கே கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர். 1963-ல் ஒரு பதிவுக்கு பேஸ்காரர் வராததால் பேஸைக் கையில் எடுத்தார், அதையும் பிக்கால்தான் வாசித்தார். லாஸ் ஏஞ்சலஸில் அறுபதுகளின் ஹிட் பாட்டுகள் ஏராளமானவற்றில் அவர் பேஸ் இருக்கிறது.

நம் பாட்டுக்கு வருவோம். 1982-ல் வந்த ‘இளைய நிலா’ பாட்டைப் பற்றி யார் பேசினாலும் கிட்டாரைத்தான் பேசுவோம். நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கிட்டாரை ஒதுக்கிவிட்டு, அடியில் பேஸ் தனக்கென்று ஒரு பாதை போட்டுக்கொண்டு நடப்பதைக் கேளுங்கள். இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் சுரங்களை எழுதியே கொடுப்பவர், பேஸுக்கும்தான். எழுதிக் கொடுத்ததை வாசிப்பதில் என்ன பெருமை என்று சிலர் கேட்பார்கள். அவருடைய குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனைக் கேட்டவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். தாளில் சுரம் இருக்கும், அதன் கனமும் நீளமும் டிரம்ஸோடு ஒட்டும் விதமும் தாளில் இருக்காது. அதை விரல்தான் கொண்டுவர வேண்டும். ஏ.ஆர். ரஹ்மான் பாட்டுகளில் சென்னையின் கீத் பீட்டர்ஸ் வாசித்த ஃப்ரெட்லெஸ் பேஸையும் மகனுக்குக் கேட்கக் கொடுங்கள். ரஹ்மானோடு வாசித்த மோகினி டே வேகத்திலும் யாருக்கும் சளைத்தவர் இல்லை. அவரை மகனுக்குப் பிடிக்கும்.

நீங்கள் இருக்கும் ஊரே இதற்கு நல்ல பள்ளிக்கூடம். கோலாலம்பூரில் ஒரு கல்யாண டின்னரில் வாசிக்கும் நம் பேண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ராத்திரியில் பழைய எம்.எஸ்.வி. மெட்டு, எண்பதுகளின் ராஜா, ஒரு மலாய் ஜோகெட், நடுவில் பங்ரா, ஆங்கில டிஸ்கோ, கடைசியில் குத்துப்பாட்டு. பாடகர் மாறுவார், சட்டென்று சுருதியும் மாறும். மேடையின் ஓரத்தில், டிரம்மரின் வலது காலை விட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்பாரே ஒருவர், ராத்திரி முழுவதும் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிப்பது அவர்தான். ஜோகெட்டின் துள்ளலுக்குச் சுரத்தை வெட்டுவார், மெலடிக்கு நீட்டுவார், குத்துக்கு டிரம்ஸ் அடியோடு அடியாக ஒட்டிக்கொள்வார். அவர் பெயரை அறிவிப்பாளர் சொல்வதே இல்லை. இப்போது பல மண்டபங்களில் செலவைக் குறைக்கிறோம் என்று அவரைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். மைனஸ் ஒன் டிராக் (முன்பே பதிவு செய்த பின்னணி இசை) ஓடுகிறது, இல்லாவிட்டால் கீபோர்டு வாசிப்பவரின் இடது கையில் பேஸைத் தள்ளிவிடுகிறார்கள், பிறகு வயிறு அதிரும் அளவுக்கு சப்வூஃபரைத் திருகிவிடுகிறார்கள். சத்தம் கூடுகிறது, ஆட்டத்தில் உயிர் இல்லை. கல்யாணம் நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: பணம் குறைக்க வேண்டுமென்றால் மேடைப் பூவில் குறையுங்கள், பேஸ் வாசிப்பவரை விடாதீர்கள்.

மகனை ஒருநாள் அப்படிப்பட்ட பேண்டின் ஓரத்தில் நிற்க வையுங்கள். இன்னொரு நாள் புக்கிட் பிந்தாங் பக்கம் ஜாலான் மெசுயில் இருக்கும் நோ பிளாக் டை என்ற ஜாஸ் கிளப்புக்குக் கூட்டிப்போங்கள். ஜாஸில் சுற்றுக்கு நாலு சுரம் வைத்து நடந்துகொண்டே போகும் பேஸை ஒலிபெருக்கியின் பக்கத்தில் இருந்து கேட்டால் கைப்பேசியில் கேட்டதெல்லாம் என்ன என்று அவனுக்கே புரியும்.

ஆறு கம்பி பேஸ் இப்போதைக்கு வேண்டாம். ஜேமர்சனுக்கும் பேரட்டுக்கும் பாஸ்டோரியஸுக்கும் நாலு கம்பி போதுமானதாக இருந்தது. நாலு கம்பியில் எட்டாத ஒரு சுரம் ஒரு குறிப்பிட்ட பாட்டுக்கு வேண்டும் என்று மகனே காட்டிக் கேட்டால் அன்றைக்கு வாங்கிக் கொடுங்கள். இப்போது அந்தப் பணத்தில் கொஞ்சம் எடுத்து, அடிச்சத்தம் ஒழுங்காகக் கேட்கும் ஒரு ஹெட்போன் வாங்குங்கள். மீதியை ஜாமிங் ஸ்டுடியோ வாடகைக்கு வையுங்கள். வாரத்தில் ஒருநாள், கிட்டாரும் வேண்டாம் பாட்டும் வேண்டாம், டிரம்ஸ் வாசிக்கும் நண்பனும் அவனும் மட்டும் உள்ளே போகட்டும். ஒரே தாளத்தை இரண்டு பேரும் நிறுத்தாமல் வாசித்து, பதிவு செய்து, வீட்டுக்கு வந்து உங்களுக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.