குட்டியை முட்டித் தள்ளும் தாய் ஆடு

விருத்தாசலம் பக்கம் வாங்கின செம்மறி, நேற்று ஈன்ற இரண்டு குட்டிகளில் ஒன்றை மட்டும் முட்டித் தள்ளுகிறது, அந்தக் குட்டியைத்தான் கழுவித் துடைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் கெட்டது. ஈன்ற முதல் சில மணி நேரத்தில் குட்டியை நக்கி, வாசனையைப் பிடித்துத்தான் தாய் அதைத் தன்னுடையது என்று ஏற்கும். தாயை அடிக்காதீர்கள்.

முதலில் சீம்பாலைக் கறந்து உடனே புட்டியில் கொடுங்கள், அதைத் தள்ளிப்போடவே கூடாது. அப்புறம் தாயைக் கிட்டக் கட்டி, மூன்றையும் சின்னத் தடுப்புக்குள் விட்டு, தாயின் பாலையே குட்டியின் முதுகிலும் வாலடியிலும் தடவி, பிடித்துக்கொண்டு ஊட்ட விடுங்கள், ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. மடி சூடாகவோ கல்லு மாதிரியோ இருந்தால் வலியில் உதைக்கிறது, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

எங்கள் வயலில் உரத்துக்காக ஆட்டு மந்தையைக் கிடை போட வருபவர் ஈன்ற குட்டியைத் துடைக்கவே மாட்டார், மூக்கை மட்டும் வழித்துவிட்டுத் தாயின் வாயருகே போட்டுவிடுவார்.