டிபரன்ஷியல் மாற்ற நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: நுவரெலியாவுக்குப் பக்கத்தில் கந்தப்பளையில் மரக்கறித் தோட்டம் வைத்திருக்கிறேன். வயது 36. வாரம் இரண்டு தடவை என் பழைய ஃபோர் வீல் டீசல் பிக்கப்பில் லீக்ஸ், கரட், கோவா ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போகிறேன். திரும்பும்போது சில நாள் கோழி எரு ஏற்றி வருவேன். போய்வர மீட்டரில் 300 கிலோமீட்டர், டீசல் 36 லீட்டர். இறம்பொடை ஏற்றத்தில் மூன்றாம் கியர் இழுக்கவே மாட்டேன் என்கிறது. கம்பளையில் ஒரு கராஜ் பாஸ், முன்னும் பின்னும் டிபரன்ஷியலை 3.9இலிருந்து 4.3க்கு மாற்றித் தர 4 லட்சம் கேட்கிறார். மாற்றினால் டிரெய்லர் ஒன்றும் கொழுவி, அயலவர்களின் மரக்கறி 600 கிலோவைக் கிலோ 8 ரூபாய்க்கு ஏற்றலாம் என்பது என் கணக்கு. மச்சான் தன் வாகனத்துக்கு இதையே செய்தார், டீசலும் மிச்சம் என்கிறார். மனைவியின் நகையை 16 வீத வட்டிக்கு அடகு வைக்கலாமா? போன வருடம் தம்பியின் ஆசைக்காக 225/75 ஆர் 15 டயர்களைக் கழற்றிவிட்டு 31 அங்குல டயர் போட்டோம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: நகையை அடகு வைக்க வேண்டாம். நீங்கள் 4 லட்சத்துக்கு வாங்கப் பார்க்கும் இழுவை ஏற்கெனவே உங்களிடம் இருந்தது. போன வருடம் டயர்க் கடையில் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

டிபரன்ஷியல் என்பது எஞ்சினின் சுழற்சியைச் சில்லுகளுக்குக் கொடுக்கும் பெட்டி. அதற்குள் கிரவுன் என்ற பெரிய பற்சக்கரம் ஒன்றும் பினியன் என்ற சின்னப் பற்சக்கரம் ஒன்றும் இருக்கின்றன. கிரவுனில் 43 பல், பினியனில் 11 பல் என்றால் 43ஐ 11ஆல் வகுக்க 3.9. பினியனில் 10 பல் என்றால் 4.3. ஒரு பல்தான் வித்தியாசம். எண் கூடினால், சில்லு ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் அதிக சுற்று ஓட வேண்டும். அதற்குப் பதிலாகச் சில்லில் இழுவை கூடும். 3.9இலிருந்து 4.3க்குப் போனால் இழுவை 10 வீதம் கூடுகிறது, எஞ்சின் ஓட்டமும் அதே 10 வீதம் கூடுகிறது.

இப்போது டயரைப் பாருங்கள். 225/75 ஆர் 15 டயரின் விட்டம் ஏறத்தாழ 718 மில்லிமீட்டர். 31 அங்குலம் என்றால் 787. சில்லு 9 வீதத்துக்கு மேல் பெருத்துவிட்டது. பெரிய சில்லு ஒரு சுற்றில் அதிக தூரம் உருளும், ஆகவே அதே வேகத்தில் எஞ்சின் மெதுவாக ஓடும், இழுவை குறையும். உங்கள் 3.9 இன்று ரோட்டில் 3.56 மாதிரித்தான் வேலை செய்கிறது. மூன்றாம் கியரின் விகிதம் 1.5 என்று வைத்து 35 கிலோமீட்டர் வேகத்துக்குக் கணக்குப் போட்டேன். பழைய டயரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,510 சுற்று ஓடியிருக்கும். பெரிய டயரில் 1,380. டேர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) உள்ள டீசல் எஞ்சின்கள் பல 1,500ஐத் தாண்டித்தான் முழு மூச்சில் இழுக்கத் தொடங்கும். இறம்பொடையில் மூன்றாம் கியர் திணறுவதற்கு நான் சந்தேகப்படுவது இதைத்தான். பாஸ் போடப்போகும் 4.3, இந்தப் பெரிய டயரோடு சேர்ந்தால் 3.92க்குச் சமம். அதாவது 4 லட்சம் கொடுத்துப் போன வருடம் இருந்த இடத்துக்கே திரும்புவீர்கள்!

அதற்காகப் பாஸ் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. முன்னும் பின்னும் மாற்ற வேண்டும் என்றாரே, அது நேர்மையான பேச்சு. பின்னால் மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீலைப் போட்டால், முன் சில்லு ஒரு கணக்கிலும் பின் சில்லு ஒரு கணக்கிலும் சுற்றப் பார்த்து ஏதாவது ஒன்று முறியும்.

மச்சானின் டீசல் மிச்சத்துக்கு வருவோம். பழைய வாகனங்கள் பலவற்றில் மீட்டர் கேபிள் கியர்பாக்ஸ் பக்கமிருந்து வருகிறது. டிபரன்ஷியலில் என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது. 4.3 போட்டதும் ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் அது 110 எண்ணும். தம்புள்ளைக்குப் போய்வர முன்பு 325 காட்டிய அவருடைய மீட்டர் இப்போது 357 காட்டும். அதை லீட்டரால் வகுத்தால் மிச்சம் மாதிரித்தான் தெரியும். மச்சான் பொய் சொல்லவில்லை, அவருடைய மீட்டர்தான் சொல்கிறது. உங்கள் மீட்டர் பெரிய டயரால் மறுபக்கமாகப் பொய் சொல்கிறது: 300 காட்டும்போது நீங்கள் உண்மையில் 328 போல ஓடியிருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் லீட்டருக்கு 8.3 கிலோமீட்டர், உண்மையில் 9.1. மீட்டரை விட்டுவிட்டு வீதியோரக் கிலோமீட்டர் கல்லை எண்ணுங்கள். டாங்கியை நிரப்பிப் புறப்பட்டு, திரும்பி வந்து அதே பெட்ரோல் செட்டில் மீண்டும் நிரப்புங்கள். கணக்கு சரியாக வரும்.

சரி, காசுக்கு வருவோம். வருடத்துக்கு 100 ஓட்டம், ஓட்டத்துக்கு 36 லீட்டர், லீட்டர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் டீசலுக்கு 10 லட்சத்து 80 ஆயிரம். விகிதம் மாறியதால் 5 வீதம் மிச்சமாகிறது என்று தாராளமாகவே நினைப்போம்: 54,000 ரூபாய். 4 லட்சத்துக்கு 16 வீத வட்டி 64,000. வட்டியையே அது கட்டாது, முதல் அப்படியே நிற்கும். அந்த 5 வீதமும் வருமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. ஏற்றத்தில் கியர் சரியாக அமைவதால் கொஞ்சம் மிச்சப்படலாம். மாத்தளையைத் தாண்டிச் சமவெளியில் எஞ்சின் வேகமாக ஓடுவதால் அது கழிந்துபோகும்.

அப்புறம், எந்தப் பல்லாலும் குறைக்க முடியாத ஒரு செலவு இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு டன் எடையைக் கீழிருந்து அவ்வளவு உயரம் தூக்க மட்டும் சுமார் ஒன்றரை லீட்டர் டீசல் எரியும். 3.9 போட்டாலும் 4.3 போட்டாலும் அது மாறாது. பிக்கப்பின் சொந்த எடையும் அந்தக் கணக்கில் சேரும். வெறும் பெட்டியோடு ஏறும் நாளில் இழுவை ஒரு பிரச்சினையே இல்லை. எரு ஏற்றும் நாள் மாதத்தில் எத்தனை? அந்த நாட்களில் இரண்டாம் கியரில் பொறுமையாக ஏறினால் என்ன நட்டம்? இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் இடையே சாதாரணமாக 50 வீதத்துக்குக் கிட்டிய இடைவெளி உண்டு. 10 வீதம் அதில் ஒரு சின்னத் துண்டு.

இணையத்தில் வாகன வீடியோக்கள் பார்ப்பவர் என்றால், அவையும் இதில் கொஞ்சம் குழப்பியிருக்கும் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 போன்ற பிக்கப்பைப் புதிதாக வாங்கும்போதே 3.31, 3.55, 3.73 என்று விகிதத்தைத் தெரிவு செய்யலாம். எவ்வளவு எடை இழுக்கலாம் என்ற வரம்பும் அதற்கேற்ப மாறும். அங்கே பெரிய டிரெய்லரைக் கொழுவிக்கொண்டு நேர் வீதியில் 100 கிலோமீட்டர் வேகத்தில் மணிக்கணக்காக ஓடுகிறார்கள், அதனால் அந்தத் தெரிவுக்கு அங்கே பெறுமதி இருக்கிறது. நமக்குப் புசல்லாவைக்கும் லபுக்கலைக்கும் இடையில் வளைவுக்கு வளைவு கியர் மாற்றவே கை சரி.

டிரெய்லர்தான் என்னை உண்மையில் யோசிக்க வைத்தது. 600 கிலோ, 8 ரூபாய், 100 ஓட்டம்: 4 லட்சத்து 80 ஆயிரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மரக்கறி விலை விழுந்த வாரத்தில் அயலவர்கள் பறிக்கவே மாட்டார்கள், 100 ஓட்டமும் நிறையாது. டிரெய்லரின் விலை, அதன் டயர், பதிவு, கூடுதல் டீசல் எல்லாம் அதிலிருந்து கழிய வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம், உங்கள் பாரம் கீழே இறங்கும் பாரம். எரு ஏற்றாத நாளில் மேலே ஏறுவது வெறும் வண்டி. பிக்கப், மரக்கறி, டிரெய்லர் எல்லாம் சேர்ந்து 3.6 டன் என்று வையுங்கள். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு ஏறக்குறைய 1,400 மீட்டர் இறக்கம். அந்த எடை அவ்வளவு தூரம் இறங்கும்போது வெளிவரும் சூடு, நூறு லீட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரு பங்கை எஞ்சின் பிடிக்கும், மிச்சம் பிரேக்குக்குத்தான். உள்ளூரில் ஒட்டித் தரும் டிரெய்லருக்குச் சொந்தப் பிரேக் இருக்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 4.3 போட்டால் எஞ்சின் பிடிப்பு 10 வீதம் கூடும், உண்மைதான். ஒரு கியர் இறக்கினால் அதைவிடக் கூடும், செலவில்லாமல். வாகனக் கையேட்டில் இழுவை வரம்பு என்ன என்று பாருங்கள். டிரெய்லரோடு போகும்போது விபத்தென்றால் பணம் தருவார்களா என்று காப்புறுதிக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். இரண்டு பதிலும் கையில் வரும்வரை டிரெய்லருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். மரக்கறி மலிந்து குவியும் வாரங்களில் அயலவர்களோடு சேர்ந்து ஒரு லொறியைப் பிடித்து, ஏற்றுக்கூலியைப் பங்கு போடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது டயரைப் பழைய அளவுக்கு மாற்றுவது. பழைய ரிம் வீட்டில் கிடந்தால் அதையே போடுங்கள், 31 அங்குல டயருக்காக அகல ரிம் வாங்கியிருந்தால் புதிய டயர் அதில் சரியாக உட்காராது. டயர் ஒன்று 35,000 என்றால் நான்குக்கு 140,000. பெரிய டயர்களைப் பூ தேயுமுன் ரிம்மோடு விற்றால் அதில் ஒரு பகுதி திரும்பி வரும். மிச்சத்தை இரண்டு மூன்று மாத மரக்கறிக் காசில் ஒதுக்கிவிடலாம், நகை அலுமாரியிலேயே இருக்கட்டும். மாற்றியபின் மூன்று ஓட்டத்துக்கு டீசலைக் கல் கணக்கில் எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகும் மூன்றாம் கியர் திணறினால் டிபரன்ஷியலைத் தொடுமுன் ஏர் ஃபில்டரையும், டேர்போ குழாயில் கசிவு இருக்கிறதா என்பதையும் பாஸிடம் பார்க்கச் சொல்லுங்கள். தம்பியைச் சமாதானப்படுத்தும் வேலை உங்களுடையது.