செடித் தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியுமா?

வடியாது. கோவை, ஈரோடு பக்கம் பலரும் நம்புவதுதான், ஆனால் விளைவு நேர்மாறு.

வேரை அழுக வைப்பது, ஊற்றிய நீர் வடிந்தபிறகும் மண்ணின் அடியில் தங்கிவிடும் ஈரப்பட்டை. மண்ணின் நுண்துளைகள் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஜல்லியின் பெரிய இடைவெளிக்கு அதை இழுக்கும் சக்தி கிடையாது. மண் நனைந்து ததும்பினால்தான் நீர் கீழே இறங்கும். துவைத்த வேட்டியைக் கொடியில் போட்டுப் பாருங்கள், மேலே உலர்ந்த பிறகும் கீழ்க்கரை சொட்டிக்கொண்டிருக்கும். 12 அங்குலத் தொட்டியில் 3 அங்குலம் ஜல்லி என்றால் அந்த ஈரப்பட்டையும் 3 அங்குலம் மேலேறி வேரைத் தொடும். காசு கொடுத்து வேருக்கான இடத்தைக் குறைத்துக்கொள்கிறோம்!

ஜல்லிக்குப் பதில் மண்ணைத் திருத்துங்கள்: செம்மண் 2 பங்கு, தேங்காய் நார்க்கழிவு 1, நன்கு மக்கிய தொழுவுரம் 1. பொள்ளாச்சியிலிருந்து கட்டியாக வரும் நார்க்கழிவானாலும் அதை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள், உப்பு இருக்கும். ஓட்டையின் மேல் ஓட்டுச்சில்லு ஒன்று போதும், அதுவும் மண் ஒழுகாமலிருக்கத்தான்.

ஓட்டையில் சொட்டுவது நின்றதும் மண் முழுக்க வடிந்துவிட்டதாக நினைப்பதும் தப்பு. தொட்டியைச் சாய்த்துப் பிடித்தால் இன்னும் கொஞ்சம் வடியும்.