ஃப்ளூ ஊசி போட்ட பிறகு தோள்பட்டை வலி தீரவில்லை. அமெரிக்காவில் இழப்பீடு கேட்க முடியுமா?

மருந்துக்கடையில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டு நான்கு மாதம் ஆகியும் கையைத் தூக்க முடியவில்லை, எச்1பி விசாவில் இருப்பவர் இழப்பீடு கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கலாம். குடியுரிமை தேவையில்லை, ஊசி அமெரிக்காவில் போடப்பட்டிருந்தால் போதும். ஆனால் வழக்கறிஞரைத் தேடுவதற்கு முன் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

எனக்கு 2019 அக்டோபரில், நியூஜெர்சியில் இதே நடந்தது. குர்தாவின் கை இறுக்கமாக இருந்ததால் கழுத்துப் பக்கத்தை விலக்கிக் காட்டினேன். அப்படி விலக்கினால் தெரிவது தோளின் உச்சிதான். ஊசி இறங்க வேண்டியது அதற்குக் கீழே, சதைப்பற்றான இடத்தில். எனக்கு உச்சியிலேயே இறங்கியது. அன்றிரவே வலி. ஒரு வாரத்தில், பின்னல் போடக் கை பின்னால் போகவில்லை. மேல்தட்டு அரிசி டப்பாவை மகள்தான் நாற்காலி போட்டு ஏறி எடுத்துக் கொடுத்தாள். ஊசி போட்டால் வலிக்கத்தானே செய்யும் என்று மூன்று மாதம் தள்ளிவிட்டேன்.

இந்தப் பாதிப்பை 'சிர்வா' (SIRVA, தடுப்பூசி போட்டதால் வரும் தோள் பாதிப்பு) என்கிறார்கள். தடுப்பூசியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது; 2017 மார்ச்சில் அதன் பாதிப்புப் பட்டியலில் இது சேர்ந்தது. பட்டியலின் நிபந்தனைகளுக்குள் வந்துவிட்டால், ஊசிதான் காரணம் என்று நாம் தனியே நிரூபிக்க வேண்டியதில்லை. வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். அந்தத் தோளில் முன்பே தொல்லை இருந்திருக்கக் கூடாது. வலியும் அசைவுக் குறைவும் அந்தத் தோளைத் தாண்டக் கூடாது, வேறு நோயும் காரணமாக இருக்கக் கூடாது. பொதுவாகப் பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்கவும் வேண்டும்.

நான் சிக்கியது அந்த 48 மணி நேரத்தில்தான். ஜனவரியில் மருத்துவர் எழுதிய குறிப்பில் 'சில வாரங்களாகத் தோள் வலி' என்று மட்டும் இருந்தது, ஊசி என்ற சொல்லே இல்லை. மருந்துக்கடைப் பதிவில் இடது கை என்று இருந்தது. போட்டதோ வலது கையில். கணவரும் அலுவலகத் தோழியும் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். அன்றிரவு அக்காவுக்கு நான் அனுப்பிய 'ஊசி போட்ட தோள் எரிகிறது, திரும்பிப் படுக்க முடியவில்லை' என்ற குறுஞ்செய்திதான் கடைசியில் கைகொடுத்தது. 2021இல் போட்ட மனு 2024இல்தான் முடிந்தது.

எதிர்த்தரப்பு மருந்துக்கடை அல்ல, மத்திய சுகாதாரத் துறைச் செயலர். வழக்கு வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி உரிமைகோரல் நீதிமன்றத்தில் நடக்கும். ஒவ்வொரு ஃப்ளூ ஊசிக்கும் விதிக்கப்படும் 75 சென்ட் வரி சேரும் நிதியிலிருந்து பணம் வருகிறது. வலிக்கும் வேதனைக்குமான தொகைக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். மருத்துவச் செலவும் சம்பள இழப்பும் தனி. நியாயமான அடிப்படையோடு தொடுத்த வழக்கு தோற்றாலும் வழக்கறிஞர் கட்டணத்தை அந்த நிதியே கொடுக்கும். உங்கள் தொகையில் பங்கு கேட்பவரிடம் போகவே போகாதீர்கள், சட்டம் அதை அனுமதிப்பதில்லை. முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். கொரோனா தடுப்பூசிக்கு வேறு திட்டம்; அதில் கெடு ஓர் ஆண்டுதான்.

நான் இன்றும் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்கிறேன், கையில்லாத சட்டை அணிந்து, உட்கார்ந்தபடி.

மருத்துவரிடம் ஊசி போட்ட தேதி, எந்தக் கை, வலி தொடங்கிய நேரம் மூன்றையும் சொல்லுங்கள். அவர் அதைப் பதிவில் தட்டச்சு செய்வதைப் பார்த்த பிறகு எழுந்திருங்கள்.