ஏறுசுவரில் ரூட் செட் செய்ய எந்த பேட்டரி டூல்? கேள்வி பதில்

உள்ளரங்க ஏறுசுவர்களில் பதினோரு வருடமாக ரூட் செட் செய்கிறேன், அதாவது ஏறுபவர்கள் பிடிக்கும் பிடிகளைப் போல்டால் சுவரில் பொருத்தி ஏறும் வழிகளை அமைக்கிறேன். என்ன டூல் வாங்கலாம் என்று பலரும் தனித்தனியாகக் கேட்கிறீர்கள், அதனால் இங்கேயே மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். டூல், போல்ட், பேட்டரி பற்றி எதுவும் கேளுங்கள்.

அக்கா, முதல் தடவை வாங்குறேன். டிரில்லா, இம்பாக்ட் டிரைவரா?

இம்பாக்ட் டிரைவர். முதல் காரணம் உங்கள் மணிக்கட்டு. டிரில்லால் இறுக்கும்போது போல்ட் சட்டென்று நின்றுவிட்டால், அந்த விசை திரும்பி வந்து கையைத்தான் முறுக்கும். இம்பாக்ட் டிரைவருக்குள் சின்னச் சுத்தியல் ஒன்று சுழன்று சுழன்று அடிக்கிறது. போல்ட் இறுக இறுக அடி விழும், கைக்கு வருவது பெரும்பாலும் அதிர்வுதான். ஏணியில் நின்று ஒரு கையால் பிடியைச் சுவரோடு அழுத்திக்கொண்டு மறு கையால் இறுக்குகிற வேலைக்கு இது பெரிய வித்தியாசம்.

உருளைத் தலை எம்10 (10 மி.மீ. விட்டம்) போல்டுக்கு 8 மி.மீ. ஆலன் பிட் (அறுகோண முனை), கூம்புத் தலைக்கு 6 மி.மீ. இரண்டையும் இம்பாக்டுக்கென்றே செய்த பிட்டாக வாங்குங்கள். பழைய போல்டைக் கழற்றும்போது தலைக்குழியைப் பாருங்கள். ஏறுபவர்கள் கையில் பூசும் சாக் பவுடர் கெட்டியாக அடைத்திருக்கும். அதன் மேலேயே வைத்து அழுத்தினால் பிட் பாதி ஆழம்தான் உட்காரும், ஒரே அடியில் குழி வட்டமாகத் தேய்ந்துவிடும். ஓர் ஆணியால் குத்தி எடுத்துவிட்டு, பிட் "டக்" என்று அடியில் இடித்த பிறகு பொத்தானை அழுத்துங்கள்.

இன்னொன்று. போல்டை இரண்டு மூன்று சுற்று கையாலேயே ஏற்றுங்கள், அப்புறம் டிரைவரைத் தொடுங்கள். மரை கோணலாக ஏறினால் டிரைவர் அதை உணராது, அடித்து ஏற்றிவிடும். பிறகு ப்ளைவுட்டுக்குப் பின்னால் டீ-நட் (மரத்தில் பற்களால் பதிந்து போல்டைப் பிடிக்கும் நட்) தனியாகச் சுற்றும், பிடி இறுகவும் செய்யாது, கழலவும் செய்யாது. சுவருக்குப் பின்னால் ஆள் போக வழி இல்லையென்றால் கடைசியில் போல்ட் தலையை கிரைண்டரால் அறுக்க வேண்டி வரலாம்.

வீட்டு மாடியில் எட்டடிச் சுவர். 12 வோல்ட் போதுமா, 18 வேணுமா?

12 போதும். எம்10, 8.8 வலிமைத் தர போல்டுக்கே இறுக்கத்தின் அளவு சுமார் 45 முதல் 50 நியூட்டன் மீட்டர்தான். 12 வோல்ட் போஷ் ஜிடிஆர் 120 கொடுப்பது 100. வாரம் நூறு இருநூறு பிடி மாற்றுகிற ஜிம்முக்கு 18 வாங்குங்கள். அமெரிக்கப் பெட்டியில் "20 வோல்ட் மேக்ஸ்" என்று போட்டிருப்பதும் இதே 18 தான். ஐந்து செல், முழு சார்ஜில் தலா 4 வோல்ட், அதைக் கூட்டி எழுதுகிறார்கள்.

டிவால்ட் 205 நியூட்டன் மீட்டர், மகிட்டா 170. அதிகம்தானே நல்லது?

இந்த வேலைக்கு அது தேவையில்லை. மேலே போல்டின் அளவைச் சொன்னேன், 170 என்பதே அதற்கு மூன்று மடங்கு. மிச்ச விசை பிடியைப் பிளக்கத்தான் போகும். அதைவிட வேக நிலைகள் இருக்கிறதா, கையில் எடை எப்படி என்று பாருங்கள். 18 வோல்டில் 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் பெரும்பாலும் பத்து செல், 2 ஆம்பியர்-மணியில் ஐந்து. தலைக்கு மேலே கையைத் தூக்கியே நாள் முழுக்க வேலை செய்கிறவர்களுக்குச் சின்ன பேட்டரி இரண்டு, மாற்றி மாற்றிப் போட, நல்லது.

எந்த பிராண்ட் அக்கா?

உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் உள்ள பிராண்ட். வீட்டில் ஏற்கெனவே ஒரு பேட்டரி இருந்தால் அதே குடும்பம்.

நான் இருபது வருஷம் மெக்கானிக். வீல் நட்டையே கடைசியில டார்க் ரெஞ்ச் வச்சுத்தான் இறுக்கணும். மனுஷன் தொங்குற பிடியை அடிச்சு இறுக்கச் சொல்றீங்களே?

அண்ணா, கடைசி இறுக்கம் கையால்தான் என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன், முதல் பதிலிலேயே எழுதியிருக்க வேண்டும். டிரைவர் பிடியைச் சுவரோடு ஒட்டவைக்கும் வரை மட்டும். அடிச் சத்தம் தொடங்கியதும் ஒரு நொடிக்குள் விரலை எடுத்துவிட வேண்டும். அப்புறம் டி-வடிவ ஆலன் கீயால் இறுக்கி, பிடியை இரண்டு கையாலும் முறுக்கிப் பார்க்க வேண்டும்.

அப்போ, வச்ச இறுக்கம் வந்ததும் தானே நழுவுற கிளட்ச் உள்ள டிரில்லே போதுமே. ஒரு நம்பர்ல வச்சா ஒவ்வொரு போல்டும் ஒரே இறுக்கம்.

இங்கேதான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிளட்ச் வளையத்தில் உள்ள எண் நியூட்டன் மீட்டர் இல்லை. போல்டில் துரு இருந்தாலும், மரையில் சாக் பவுடர் இருந்தாலும், அதே எண்ணில் இறுக்கம் மாறும். ஒருமுறை 45 டிகிரி சாய்வுச் சுவரில் டிரில்லால் இறுக்கிக்கொண்டிருந்தேன். கிளட்சை டிரில் நிலையில், அதாவது நழுவாத நிலையில், விட்டுவிட்டதைக் கவனிக்கவில்லை. போல்ட் நின்றது, டிரில் நிற்கவில்லை. இரண்டு வாரம் மணிக்கட்டில் கட்டோடு இருந்தேன்.

அது உங்க கவனக்குறைவு, டூல் தப்பில்ல. சரி, பிடிக்குச் சின்ன ஸ்குரூ போட இம்பாக்ட் வச்சா என்ன ஆகும், அதைச் சொல்லுங்க.

கவனக்குறைவுதான். ஆனால் நாளுக்கு இருநூறு போல்ட் போடுகிறவர் ஒரு தடவையாவது தவறுவார், அன்று கை தப்பிக்கிற டூல் வேண்டும் என்பதுதான் என் வாதம்.

ஸ்குரூ விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பிடி சுற்றாமலிருக்கப் போடுகிற சின்ன ஸ்குரூவை இம்பாக்ட் டிரைவரால் அடித்தால், அதன் தலை பிளாஸ்டிக்கைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடும். விரிசல் அன்று தெரியாது, ஒரு மாதம் கழித்து யாரோ அதில் தொங்கும்போது தெரியும். அங்கே முதலில் துளை போட்டு, கிளட்சைத் தளர்வாக வைத்த டிரில்லால்தான் போட வேண்டும். அதனால்தான் என் பையில் இரண்டும் இருக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கு இம்பாக்ட் டிரைவர், ஸ்குரூவுக்குக் கை ஸ்குரூ டிரைவர்.

அண்ணன் அமெரிக்காவுல இருந்து டூலும் போல்டும் வாங்கி வர்றார். பரவாயில்லையா?

போல்ட் வேண்டாம். அங்கே புழக்கம் 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ., மரை இடைவெளியும் வேறு. எம்10 டீ-நட்டில் ஆரம்பத்தில் ஏறுவது போலவே இருக்கும், பிறகு சிக்கும். கையால் ஏற்றியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். சார்ஜரின் அடியில் "120 வோல்ட்" என்று மட்டும் இருந்தால் நம் 230-இல் செருகாதீர்கள். இங்கே தனியாக ஒரு சார்ஜர் வாங்குங்கள்.

சென்னையில எந்த பிராண்ட் நல்லது?

மேலே சொல்லிவிட்டேன், சர்வீஸ் சென்டர்.

சுவரைத் தாங்கும் பிரேம் எத்தனை அடிக்கு ஒன்று போடணும்?

இதற்கு நான் பதில் சொல்லக் கூடாது. கட்டமைப்புப் பொறியாளரிடம் போங்கள். ஏறுசுவர்களுக்கான ஐரோப்பிய தரநிலை இ.என். 12572-ஐ அவரிடம் சொல்லுங்கள்.

மூடிய ஹாலில் சத்தம் காதைப் பிளக்குது. பஞ்சு போதுமா?

பஞ்சு போதாது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 97 என்றால் அரை மணி நேரம்தான். இம்பாக்ட் டிரைவர் அந்த அளவை எளிதில் தொடும். நல்ல நுரை அடைப்பானோ இயர் மஃபோ போடுங்கள், ஏணியைப் பிடித்து நிற்பவருக்கும் கொடுங்கள். எண்ணெய் அழுத்தத்தில் அடிக்கும் வகைகளும் உண்டு: மகிட்டா டிடிஎஸ்141, மில்வாக்கி சர்ஜ். சத்தம் குறைவு, விலை கூடுதல்.

போல்ட் பாதியில சிக்கிடுச்சு, டீ-நட் சுத்துது.

கையால் ஏற்றினீர்களா? இதையே இன்று எத்தனை தடவை எழுதுவது! சரி, இப்போது: பிடிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆப்பு வைத்துப் பிடியை வெளியே நெம்பி, டீ-நட்டின் பற்கள் மரத்தில் பதியும்படி இழுத்துக்கொண்டே மெதுவாகத் தளர்த்திப் பாருங்கள். டிரைவர் வேண்டாம், கீ.

போட்டிக்கு விமானத்தில் போறேன். டூலை எப்படி எடுத்துப் போவது?

டிரைவர் செக்-இன் பெட்டியில், தனியாக உள்ள பேட்டரிகள் கைப்பையில். 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி: 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 90, சரி. 6 என்றால் 108, விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். பேட்டரி முனைகளுக்கு மூடி போடுங்கள், இல்லையென்றால் டேப் ஒட்டுங்கள். போல்ட் பக்கெட்டுக்குள் வெறும் பேட்டரியைப் போடவே போடாதீர்கள், ஒரு போல்ட் இரண்டு முனையையும் தொட்டால் போதும், சுட்டுவிடும்.